ரைன் ஒயினுக்குப் பெயர் கொடுத்த மைன் கரை ஊர்

ஃபிராங்க்ஃபர்ட்டில் ஒரு பகல்பொழுது சும்மா கிடைத்தால் எல்லோரும் ரைன் கரை ஊரான ரூடஸ்ஹைமுக்குத்தான் ஓடுவார்கள். நான் எஸ்1 ரயிலைப் பிடித்து அரை மணி நேரத்தில் ஹோக்ஹைமில் இறங்கிவிட்டேன், எல்லாம் அந்த 'ஹாக்' படுத்தும் பாடு. பழைய ஆங்கில நாவல்களில் விருந்து நடந்தால் யாராவது ஹாக் குடித்துக்கொண்டிருப்பார்கள். ரைன் பக்கத்து வெள்ளை ஒயின்களுக்கெல்லாம் ஆங்கிலேயர் வைத்த பொதுப்பெயர் அது. ஹோக்ஹைமர், அதாவது ஹோக்ஹைம் ஒயின், அவர்கள் வாயில் ஹாக்கமோர் ஆகி, அப்புறம் ஹாக் என்று சுருங்கிவிட்டது. இப்போது அவர்களே அதிகம் சொல்வதில்லை.

வேடிக்கை என்னவென்றால், ஊர் ரைன் கரையிலேயே இல்லை. ஓடுவது மைன் ஆறு. அது ரைனில் கலப்பது இன்னும் சில கிலோமீட்டர் மேற்கே, மைன்ட்ஸ் எதிரில். ஆனாலும் ஒயின் கணக்கில் இது ரைன்கௌ வட்டாரம், திராட்சையும் அதே ரீஸ்லிங்தான்.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் திராட்சைத் தோட்டம்தான். மோசல் ஆற்றுப் பக்கம் போல ஆளை மூச்சு வாங்க வைக்கும் செங்குத்து கிடையாது, தெற்கு பார்த்த மெல்லிய சரிவு. மேலே பேதுரு பவுல் தேவாலயம், அதன் காலடியில் உள்ள தோட்டம் 'கிர்ஷன்ஷ்டுக்', அதாவது கோயில் துண்டு. இன்னொரு தோட்டத்தின் பெயர் 'ஹோல்ல', நரகம்! சரிவைக் குறிக்கும் பழைய சொல் மருவி அப்படி ஆனது என்கிறார்கள், நம்பலாம்.

கொடிகளுக்கு நடுவே ஒரு கோதிக் கோபுரம் தன்னந்தனியாக நிற்கிறது. 1845இல் விக்டோரியா ராணி இங்கே வந்துபோக, தோட்டக்காரர் விடவில்லை. அனுமதி வாங்கி 1850இல் தோட்டத்துக்கு ராணி பெயரையே வைத்து, 1854இல் இந்த நினைவுச் சின்னத்தையும் எழுப்பிவிட்டார். லண்டனில் சரக்கு விற்க இதைவிட நல்ல விளம்பரம் வேண்டுமா என்ன.

வாசலில் தழைக்கொத்து தொங்கினால் அந்த வீட்டில் சொந்த ஒயின் ஊற்றுகிறார்கள் என்று அர்த்தம், இதற்கு ஸ்ட்ராவுஸ்விர்ட்ஷாஃப்ட் என்று வாய் நிறையப் பெயர். வருடம் முழுக்கத் திறந்திருக்காது, பார்த்துப் போங்கள். ஜெர்மன் ஒயின் என்றாலே தித்திப்பு என்று நினைப்பவர்கள் 'ட்ரோக்கன்', அதாவது தித்திப்பில்லாதது, கேட்டு வாங்கவேண்டும்: பச்சை ஆப்பிள் புளிப்பு, கடைசியில் லேசாக உப்பு. எனக்கு அதுதான் பிடித்தது. வெயில் அதிகமென்றால் சோடா கலந்த ஷோர்ல.

நேரம் மிச்சமிருந்தால் அக்கரையில் ரூஸல்ஸ்ஹைம். ஓப்பல் கார் ஊர்தான், ஆனால் ரீஸ்லிங் என்ற பெயர் முதன்முதலில் எழுத்தில் பதிவானது அங்கேதான், 1435இல்.