சிங்கத்துக்குக் குத்திய ஊர்

தேர்தல் நேரத்தில் டிவியில் உசிலம்பட்டி பெயர் வந்ததுமே "அது தேவர் தொகுதி" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு அடுத்த தொகுதிக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் மனசு கேட்காது. அந்த வரி பொய் இல்லை. இங்கே கள்ளர் ஓட்டுதான் அதிகம், எந்தக் கட்சியும் அதைக் கணக்குப் போட்டுத்தான் ஆள் நிறுத்தும். ஆனால் சுற்றியிருந்த ஊர்கள் காங்கிரஸுக்கும் திமுகவுக்கும் குத்திக்கொண்டிருந்த காலத்தில் இந்த ஊர் மட்டும் ஏன் ஃபார்வர்டு பிளாக் கட்சியின் சிங்கம் சின்னத்துக்குக் குத்தியது? அதற்கு அந்த ஒரு வரியில் பதில் கிடையாது.

என் அப்பத்தாவுக்கு ஃபார்வர்டு பிளாக் என்று சொல்ல வராது. சிங்கம், அவ்வளவுதான். ஏன் என்று கேட்டால் ரேகையில் ஆரம்பிப்பார். வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை எங்கள் பக்கம் ரேகைச் சட்டம் என்றுதான் சொல்வார்கள். ஆம்பளைகள் கைரேகை பதிய வேண்டும், ராத்திரி போலீஸ் சொல்லும் இடத்தில் போய்ப் படுக்க வேண்டும், சீட்டு வாங்காமல் வெளியூர் போகக் கூடாது. ரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. செத்தவர்கள் 16 பேர், அதில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். அந்தச் சட்டத்துக்கு எதிராக வக்கீலாக நின்றவர் ஜார்ஜ் ஜோசப், மலையாளி, கிறிஸ்தவர். அவரை இங்கே "ரோசாப்பூ துரை" என்றே கூப்பிட்டார்கள், இன்றைக்கும் அந்தப் பெயரைப் பெரியவர்கள் மரியாதையோடுதான் சொல்வார்கள். அப்புறம் முத்துராமலிங்கத் தேவர் அந்தப் போராட்டத்தை எடுத்துக்கொண்டார். 1947இல் சட்டம் போனது. அவர் போஸ் பின்னால் ஃபார்வர்டு பிளாக்குக்குப் போக, ஊரும் அவர் பின்னால் போனது. சாதி இதில் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கஷ்டத்தில் கூட நின்றவனை இந்த ஊர் மறக்காது என்பதும் அதே அளவுக்கு உண்மை.

ஃபார்வர்டு பிளாக் தலைவர் மூக்கையாத் தேவர் 1957இல் தொடங்கி 1977 வரை இங்கே திரும்பத் திரும்ப ஜெயித்தது அப்படித்தான். கல்லூரி கொண்டுவந்தார், எங்கள் பக்கத்து வீடுகளில் முதல் பட்டதாரி பலர் அந்தக் கல்லூரியில் படித்தவர்கள்தான். கச்சத்தீவை இலங்கைக்குக் கொடுத்தபோது 1974இல் நாடாளுமன்றத்தில் எழுந்து எதிர்த்தவரும் அவர்தான், அப்போது ராமநாதபுரம் எம்பி.

1979இல் அவர் போனபிறகு சிங்கத்தின் பிடி மெல்லத் தளர்ந்தது. சூரியன், இரட்டை இலை, கூட்டணியில் சிங்கம் என்று மாறி மாறிப் போனது. ஜெயலலிதா காலத்தில் இலை வீட்டுக்கு வீடு வேர் பிடித்தது. 2011இல் கதிரவன் ஃபார்வர்டு பிளாக்கில் ஜெயித்ததுகூட அதிமுக கூட்டணியில்தான். 2021இல் அதே கதிரவன் திமுக கூட்டணியில் உதயசூரியனில் நின்றார். அந்தத் தேர்தலுக்கு முன்னால் வந்த வன்னியருக்கான 10.5 சதவீத உள் ஒதுக்கீட்டால், ஒரு காலத்தில் ரேகைச் சட்டத்தில் இருந்த சாதிகளான சீர்மரபினர் மத்தியில் அதிமுக மேல் கடும் கோபம். கடைசியில் ஜெயித்தது அதிமுகவின் அய்யப்பன். அமமுகவில் குக்கர் சின்னத்தில் நின்ற மகேந்திரன் மட்டும் 50,000 ஓட்டுக்கு மேல் வாங்கினார். ஒரே வீட்டில் அண்ணன் இலை, தம்பி குக்கர் என்று பிரிந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஒரே சாதி, ஒரே மாதிரி ஓட்டு என்று இன்னும் பேசுகிறவர்கள் அந்த முடிவை ஒரு தடவை எடுத்துப் பார்க்கலாம்.

இதைச் சொல்லிவிட்டு இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மை இல்லை. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். 1996இல் இந்த ஊராட்சிகளின் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. பத்து வருஷம் தேர்தலை ஒழுங்காக நடக்க விடவில்லை. மனுத் தாக்கல் இருக்காது, இல்லை ஜெயித்தவர் உடனே ராஜினாமா செய்வார். 2006இல் மாவட்ட நிர்வாகம் ஊர் ஊராகப் பேசி நடத்திய பிறகுதான் தலைவர்கள் பதவியில் உட்கார்ந்தார்கள். ரேகை வைக்க மாட்டோம் என்று உயிரைக் கொடுத்த மண், பக்கத்துத் தெருக்காரர் மனு கொடுக்கவே பயப்படும்படி வைத்திருந்தது. எனக்கு இது இன்றைக்கும் வலிக்கிறது. ஊர்ப் பெருமை பேசும்போது நம்மாட்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், தாண்டக் கூடாது.

சரி, இப்போது எதை வைத்து ஓட்டுப் போடுகிறோம்? டீக்கடையில் கேட்டால் 58 கிராமக் கால்வாய் என்பார்கள். வைகைத் தண்ணீரை இந்த வறண்ட கண்மாய்களுக்குக் கொண்டுவரும் திட்டம். எத்தனை கடையடைப்பு, எத்தனை உண்ணாவிரதம். 2018இல் சோதனை ஓட்டமாகத் தண்ணீர் விட்டபோது கால்வாய்க் கரையில் பெண்கள் குலவை போட்டார்கள். ஆனால் அணையில் 67 அடிக்கு மேல் தண்ணீர் இருந்தால்தான் இந்தப் பக்கம் ஏறும், அணையின் முழு உயரமே 71 அடி. மீதி நாலு அடியை நம்பித்தான் எங்கள் கண்மாய்கள் இருக்கின்றன. ஓட்டுக் கேட்டு வீட்டு வாசலுக்கு யார் வந்தாலும், எந்தக் கொடி என்றாலும், வருஷா வருஷம் அந்தத் தண்ணீரை எப்படி உறுதி செய்வீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன். அடுத்ததாகக் கேட்பது, ஊராட்சித் தலைவர் தலித்தாக இருக்கும் ஊரில் அவர் நாற்காலியில் உட்கார்ந்துதான் வேலை பார்க்கிறாரா என்று போய்ப் பார்த்தீர்களா என்பது.