என் காலுக்கு ஏற்ற ரிக்கம்பென்ட் சைக்கிள்

கழுத்து எலும்பு தேய்ந்திருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகு குனிந்து ஓட்டும் சைக்கிளை விட வேண்டியதாயிற்று. சைக்கிளையே விட மனமில்லை. அதனால் சாய்ந்து உட்கார்ந்து, காலை முன்னால் நீட்டி மிதிக்கும் ரிக்கம்பென்ட் பக்கம் போனேன்.

பாரிமுனைப் பக்கத்து சைக்கிள் கடைகளில் போனில் படத்தைக் காட்டித்தான் கேட்க முடிந்தது. கடைக்காரர்களைச் சொல்லிக் குற்றமில்லை. 1933-ல் பாரிஸில் பிரான்சிஸ் ஃபோர் இந்த வகை சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டரைத் தாண்டினார். அடுத்த ஆண்டே சர்வதேச சைக்கிள் சம்மேளனம் இந்த வடிவத்தைப் பந்தயங்களிலிருந்து விலக்கிவிட்டது. பந்தயத்தில் இல்லாத வண்டியைப் பெரிய கம்பெனிகள் ஏன் செய்யப்போகின்றன? ஆக, ஏறி உட்கார்ந்து பார்த்து வாங்கும் வசதி இல்லை. வெளியூரில் விற்பவர்களிடம் பேசி, இஞ்ச் டேப்பை நம்பி முடிவெடுக்க வேண்டும்.

எல்லாரும் முதலில் கேட்டது உயரத்தைத்தான். நான் 160 செ.மீ. ஆனால் இந்த சைக்கிளுக்கு உயரம் பெரிதாக உதவாது. வேண்டியது இன்னொரு அளவு, எக்ஸ்-சீம் என்பார்கள். சைக்கிள் ஓட்டும் ஷூவைப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார வேண்டும். இடுப்பும் முதுகும் சுவரை ஒட்டியிருக்க, காலை முழங்கால் மடங்காமல் நேரே நீட்டி, பாதத்தை நிமிர்த்தி வைக்க வேண்டும். ஷூவின் அடியில் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைச் செங்குத்தாக வைத்து, சுவரிலிருந்து அதுவரை அளக்க வேண்டும். தனியாக அளந்தால் குனிவோம், இடுப்பு சுவரைவிட்டு நகர்ந்துவிடும். அதனால் அக்கா மகனை டேப்பைப் பிடிக்கச் சொன்னேன். எனக்கு 99 செ.மீ. வந்தது, 39 அங்குலம். என் உயரமே உள்ள தோழிக்கு 4 செ.மீ. கூடுதல். அவளுக்குப் பொருந்தும் ஃபிரேமில் எனக்குப் பெடல் எட்டாமல் போகலாம்.

பெடல் பொருத்திய பூம் என்ற முன் குழாயை உள்ளே தள்ளலாம், வெளியே இழுக்கலாம். அதனால் 'எந்த ஃபிரேமும் யாருக்கும் பொருந்தும்' என்று விற்பவர்கள் சொல்வார்கள். அது பாதி உண்மை. பூம் ஓரளவுக்கு மேல் உள்ளே போகாது. வெளியே இழுக்கவும் ஒரு எல்லைக் கோடு உண்டு. அதைத் தாண்டி இழுத்து ஓட்டினால் ஆபத்து.

இதைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தது சீட்டின் உயரம். சாதாரண சைக்கிளில் சிக்னல் வந்தால் சீட்டிலிருந்து முன்னால் இறங்கி நின்றுவிடலாம். இதில் உட்கார்ந்தபடியேதான் கால் ஊன்ற வேண்டும், சீட்டின் விளிம்பு வேறு தொடையில் இடிக்கும். இரண்டு பெரிய சக்கர மாடல்களில் சீட் தரையிலிருந்து 60 செ.மீ. சொன்னார்கள். அதில் எனக்கு நுனிக்கால்தான் எட்டும். அடையாறு மேம்பாலத்து ஏற்றத்தில், பின்னால் பஸ் நிற்க, நுனிக்காலில் நிற்பதை நினைத்தே பார்க்க முடியவில்லை. ரொம்பத் தாழ்ந்த மாடலும் வேண்டாம். ஷேர் ஆட்டோக்காரர் கண்ணில் நான் படவே மாட்டேன். கடைசியில் முன்னால் 20 அங்குலம், பின்னால் 26 அங்குலச் சக்கரம், சீட் 50 செ.மீ. அளவில் இருந்த சின்ன ஃபிரேமை எடுத்தேன். முன்சக்கரம் சின்னதாக இருந்தால் திரும்பும்போது குதிகால் அதில் இடிப்பதும் குறையும்.

வண்டி வந்ததும் முதலில் சீட்டின் சாய்வை முடிவு செய்தேன். சாய்வு மாறினால் இடுப்பு நகரும், பெடல் தூரமும் மாறும். அதிகம் சாய்த்தால் சாலையைப் பார்க்கத் தலையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். என் கழுத்துக்கு அது ஆகாது. அப்புறம்தான் பூம். குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் நம்மைவிட்டு அதிகபட்சம் தள்ளிப்போகும் இடத்தில் கால் நேராக வேண்டும், இடுப்பு அசையக் கூடாது. முன்பாதத்தில் மிதித்தால் முழங்காலில் லேசான மடிப்பு தானாக வந்துவிடும். கிட்டே இருந்தால் முழங்கால் வலிக்கும், தள்ளி இருந்தால் இடுப்பு ஆடும்.

பூமை 1 செ.மீ. உள்ளே தள்ளினால் 2 செ.மீ. செயின் மிச்சமாகும். மந்தைவெளி மெக்கானிக் அண்ணன், "என்னம்மா, பெடல் மூக்குக்கு நேரா இருக்கு!" என்று ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, செயினைப் பொறுமையாக வெட்டிச் சேர்த்துத் தந்தார். ஈசிஆரில் முட்டுக்காடு வரை போய்வர ஆரம்பித்த பிறகு பூமை இன்னும் கொஞ்சம் வெளியே நகர்த்தினேன். வெட்டிய துண்டிலிருந்து சில லிங்க் அதற்கு உதவியது.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் விற்பவரிடம் அவருடைய எக்ஸ்-சீம் அளவையும், பூமின் எல்லைக் கோடு எங்கே இருக்கிறது என்பதையும் போட்டோவோடு கேளுங்கள். அவருடைய எக்ஸ்-சீம் உங்களுடையதைவிடக் குறைவு என்றால் கூடுதல் செயினுக்கும் சேர்த்துப் பேசுங்கள். இந்த வண்டிக்குச் சாதாரணச் செயின் இரண்டுக்கு மேல் பிடிக்கும்.