கூட்டுப் பெருங்காயமும் மூணு டிபன் டப்பாவும்

எங்க வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. சோத்தைக் குறைச்சு சப்பாத்தி சாப்பிடுங்கன்னுட்டார் டாக்டர். மகளுக்கு சீலியாக், அதாவது கோதுமை மாதிரி தானியத்துல இருக்கிற குளூட்டன் ஒத்துக்காத குடல் நோய். கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி எதையும் கிட்டயே சேர்க்காதீங்கன்னுட்டார் அவளோட டாக்டர். ரெண்டு டாக்டரையும் ஒரே ஒரு நாள் காலையில என் அடுப்படியில நிக்க வெச்சு டிபன் கட்டச் சொல்லணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை.

பொடித் துணுக்கு கோதுமை போனாலும் அவளுக்குச் சிறுகுடல் புண்ணாகும். அதனால அவ டப்பாவை மூடி ஹாலுக்கு அனுப்பின பிறகுதான் சப்பாத்திப் பலகை வெளியே வரும். தோசைக்கல்கூட அவளுக்குத் தனி. இட்லி, எலுமிச்சை சாதம், கேழ்வரகு அடைன்னு வண்டி ஓடிடும். எனக்கு ஒரு கட்டுப்பாடும் கிடையாது. ஆகவே மிஞ்சினது என் டப்பாவுக்கு: ஓரம் கருகின சப்பாத்தி, உடைஞ்ச இட்லி.

இவ்வளவு பண்ணியும் புளிசாதம் கொண்டுபோற நாள்ல எல்லாம் அவளுக்கு வயித்துவலி. டயட்டீஷியன் கேட்ட ஒரே கேள்வி, "பெருங்காயம் என்ன போடுறீங்க?"

மாமியார் கண்ணாடியை மாட்டிக்கிட்டு டப்பாவை ஜன்னல் வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் படிச்சாங்க. கூட்டுப் பெருங்காயம். அசல் பிசின் தனியாப் போட்டா நெடி தாங்காதுன்னு கருவேலம் பிசினும் மாவும் கலப்பாங்களாம். எங்க டப்பாவுல இருந்தது மைதா. "அடப்பாவி, இவனுக்குள்ளேயா!" சொந்தத் தம்பி சொத்தை எழுதி வாங்கிட்ட மாதிரி அப்படியே உக்காந்துட்டாங்க.

அன்னிக்குப் பிடிச்சது ஆய்வாளர் வேஷம். மளிகைக் கடையில ஒவ்வொரு பாக்கெட்டையும் பின்பக்கம் திருப்பிச் சத்தமாப் படிக்கிறாங்க. கடைக்காரர் பொறுக்க முடியாம, "பாட்டி, வாங்க வந்தீங்களா, படிக்க வந்தீங்களா?"ன்னார். "படிச்சாத்தான் வாங்குவேன்"னு சொல்லி, அரிசிமாவு கலந்த பெருங்காயம் ஒண்ணைக் கண்டுபிடிச்சுட்டுத்தான் வந்தாங்க. அடுத்த ரெய்டு மாவு மில். "எங்களுக்கு முன்னாடி என்ன அரைச்சீங்க?" "கோதுமைம்மா." அவ்வளவுதான், அரிசிப் பை அப்படியே வீட்டுக்குத் திரும்பிடுச்சு. இப்போ இடியாப்ப மாவு மிக்ஸியில. மிக்ஸி போடுற சத்தத்துல டிவி சீரியல் கேக்கலைன்னு புகார் பண்றதும் அவங்களேதான்.

போன வெள்ளிக்கிழமை காலையில பக்கத்து வீட்டம்மா கேசரி கொண்டு வந்தாங்க. "பிரசாதம்தானே, குழந்தைக்கு ஒரு வாய் கொடுங்க, ஒண்ணும் ஆகாது."

"சாமிக்கு வயித்துவலி வராதும்மா. இவளுக்கு வரும்"னு மாமியார் கிண்ணத்தைக் கையில வாங்கிக்கிட்டாங்க. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "உனக்குச் சீனி, ஆகாது." அப்புறம் நெய்யைப் பார்த்தாங்க, தன் கொலஸ்ட்ரால் ரிப்போர்ட் ஞாபகம் வந்திருக்கும்போல, ஒரு பெருமூச்சு.

முழுக் கேசரியும் முந்திரியோட என் டப்பாவுக்கு வந்துடுச்சு. அன்னிக்கு ஆபீஸ்ல யாருக்கும் பங்கு கொடுக்கல.