தெப்பக்குளத்து நடை: கார்த்திகை முதல் தை வரை

நவம்பர் 26

பரிசோதனைத் தாள் வந்துவிட்டது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.1. இது 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை; 6.5 ஆகிவிட்டால் நோய். "இப்போதைக்கு மாத்திரை வேண்டாம். தினமும் நடங்கள், மூன்று மாதம் கழித்து மறுபடியும் பார்ப்போம்" என்றார் டாக்டர். அத்தை பல வருடமாக இந்த நோயோடு இருக்கிறார். அவர் கால்விரல் புண் ஆறாமல் நாங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். அந்த மூன்று மாதத்தை ஒருநாளும் வீணாக்க மாட்டேன்.

தையல் உட்கார்ந்தே செய்கிற வேலை. மிதிமெஷின் இருந்த காலத்தில் பகல் முழுவதும் இரண்டு பாதங்களும் பெடலில் ஆடிக்கொண்டிருக்கும். மாலையில் கெண்டைக்கால் வலிக்கும். மோட்டார் பொருத்தியபின் வலது பாதத்தை லேசாக அழுத்தினால் போதும், ஊசி ஓடுகிறது. ஒரு ஜாக்கெட்டுக்கு ஆகும் நேரம் குறைந்தது, வருமானம் கூடியது. காலுக்குத்தான் வேலை இல்லாமல் போயிற்று.

டிசம்பர் 2

காலையிலிருந்து அடைமழை. தெருவில் முழங்கால் அளவுத் தண்ணீர். மதியச் சாப்பாடு முடிந்ததும் மெஷினில் உட்காராமல், கூடத்திலிருந்து சமையலறை, அங்கிருந்து வாசல் என்று கால்மணி நேரம் வீட்டுக்குள்ளேயே நடந்தேன்.

சாப்பிட்டபின் நடப்பதில் ஒரு தனிப் பலன் உண்டு. சோறு செரித்துச் சர்க்கரை இரத்தத்தில் ஏறுகிற நேரம் அது. நடக்கும்போது தொடையும் கெண்டைக்காலும் சுருங்கி விரிகின்றன. அந்தச் சுருக்கமே, இன்சுலினை அவ்வளவாக எதிர்பார்க்காமல், இரத்தத்திலிருந்து சர்க்கரையைத் தசைக்குள் இழுத்துக்கொள்கிறது. என்னைப் போல இன்சுலின் சரியாக வேலை செய்யாதவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி வேறென்ன இருக்கிறது! மழை நாளிலும் இதற்கு விடுமுறை கிடையாது.

டிசம்பர் 9

மழை விட்டதும் எதிர்வீட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு மதுரை வண்டியூர்த் தெப்பக்குளம் போனேன். 1645-இல் திருமலை நாயக்கர் வெட்டியது. சுமார் 1000 அடிக்கு 950 அடி. கைப்பிடிச் சுவரை ஒட்டி ஒரு சுற்று வந்தால் கிட்டத்தட்ட 1.2 கிலோமீட்டர் ஆகிறது. அரைமணி நேரத்தில் இரண்டு சுற்று எங்களுக்குச் சரியாக இருக்கிறது.

வேகம் எவ்வளவு என்று அக்கா கேட்டார். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம். உலக சுகாதார அமைப்பு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் என்று சொல்வதும் இந்த வேகத்தைத்தான். 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது நடந்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையையும் எடுத்துவிட்டார்கள். துண்டு துண்டாக நடந்தாலும் சேர்த்துக்கொள்ளலாம். வீட்டு வேலைக்கு நடுவில் நேரம் தேடும் பெண்களுக்கு இது பெரிய ஆறுதல்.

டிசம்பர் 18

மார்கழி பிறந்துவிட்டது. நான்கரை மணிக்கே ஒலிபெருக்கியில் திருப்பாவை. கோலம் போட எழுந்துதான் ஆக வேண்டும். எழுந்த கையோடு புறப்படுவது இம்மாதம் எளிது. ஆனால் மார்கழி போய்விடும். எழுப்பிவிட ஒரு மாதத்தை நம்பியிருந்தால் மாசியில் என்ன செய்வது?

அதனால் வீட்டில் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறேன். பால் பாக்கெட்டை வீட்டு வாசலில் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தெப்பக்குளம் சுற்றிவிட்டுத் திரும்பும் வழியில் நானே வாங்கி வருகிறேன். நான் நடக்காவிட்டால் வீட்டில் காபி கிடையாது! இன்று காலை கண் எரிச்சலாக இருந்தது, கொஞ்சம் படுக்கலாம் என்று தோன்றியது. "பால் வாங்கப் போகவில்லையா?" என்று உள்ளிருந்து அவர் குரல் கொடுத்தார். கிளம்பிவிட்டேன். மன உறுதி ஒருநாள் இருக்கும், ஒருநாள் இருக்காது. காபி தினமும் வேண்டும்.

டிசம்பர் 29

அக்காவின் மகன் கைபேசியைக் காட்டி, பத்தாயிரம் அடி வைத்தால்தான் பலன் என்கிறான். அக்காவுக்குப் பாதிகூட வரவில்லை, முகம் வாடிவிட்டது. இந்தப் பத்தாயிரம் ஆராய்ச்சி மணியடித்துச் சொன்ன எண் இல்லை. 1965-இல் ஜப்பானில் ஒரு நிறுவனம் அடி எண்ணும் கருவியை அந்த எண்ணைப் பெயராக வைத்து விற்றது. எண் உலகமெங்கும் பரவிவிட்டது. அதற்குக் குறைவாக நடந்தாலும் பலன் உண்டு என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டுகின்றன. நேற்றைவிட இன்று கொஞ்சம் கூடினால் போதும் என்று அக்காவிடம் சொன்னேன். கைபேசியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார்.

ஜனவரி 10

பொங்கல் துணிகள் மலையாகக் குவிந்திருக்கின்றன. விடிய விடிய வேலை. காலை நடை ஒரு சுற்றோடு முடிகிறது. அதற்கு ஈடாக, துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் கடைக்கும், பொத்தான் துளைக்குக் காஜா போடுகிறவரிடமும் கடைப் பையனை அனுப்பாமல் நானே பையைத் தூக்கிக்கொண்டு போய் வருகிறேன்.

1953-இல் ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர் லண்டன் மாடி பஸ்களில் வேலை பார்த்தவர்களைப் பற்றி எழுதியது நினைவுக்கு வருகிறது. நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டிய டிரைவர்களைவிட, படியேறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. ஒரே பஸ், ஒரே தெரு. எங்கள் கடையில் டிரைவர் இருக்கையில் இருப்பவள் நான். நடந்து திரிகிறவன் அந்தப் பையன். பை எடுத்துச் செல்லும் வேலையை இனி விட்டுக்கொடுப்பதாக இல்லை.

ஜனவரி 24

அத்தையும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைவு. கல் குத்தினாலும் தெரியாது. வெறுங்காலோடு வாசலுக்குக்கூட இறங்கக் கூடாது. நேற்று மாலை எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்பு வாங்கப் போனோம். மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும், அப்போது அளவு பார்த்தால்தான் பிறகு இறுக்காது.

"எனக்கெதற்கம்மா இவ்வளவு விலையில் செருப்பு?" என்றார்.

"உங்கள் காலுக்குத்தான் அத்தை" என்றேன். பேசாமல் போட்டுப் பார்த்தார். குதிகாலில் பட்டை, விரல்களுக்கு நல்ல இடம், அழுத்தினால் உள்வாங்கும் அடிப்பாகம்.

இன்று காலை போடுவதற்கு முன் செருப்பைத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்தேன். தெருமுனை வரை போய்த் திரும்பினோம். இரவு அவர் பாதத்துக்குக் கீழே முகம்பார்க்கும் கண்ணாடியை வைத்து, கொப்புளம், சிவப்பு ஏதும் இருக்கிறதா என்று இருவரும் பார்த்தோம். விரலிடுக்கில் ஈரம் இல்லாமல் மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தேன். இது தினமும் நடக்கும். அவர் நடப்பதைவிட இது முக்கியம்.

பிப்ரவரி 5

தெப்பத் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டது. தெப்பக்குளத்தைச் சுற்றிக் கடை போட ஆரம்பித்துவிட்டார்கள். கூட்டம் வடியும்வரை எங்கள் பகுதித் தெருக்களிலேயே நடக்கிறோம். நடைமேடை முழுக்க இருசக்கர வாகனங்கள், மீதி இடத்தில் சாக்கடை மூடி உடைந்து கிடக்கிறது. அக்கா முன்னால், நான் பின்னால், சாலையில் இறங்கி ஏறிக்கொண்டே போகிறோம். 2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைத் திட்டத்தைத் தொடங்கியது, நல்ல காரியம். ஆனால் அத்தையைப் போன்றவர்களுக்குத் தேவை வீட்டு வாசலிலிருந்து தெருமுனை வரை பயமில்லாமல் நடக்க ஒரு தளம். காலை ஐந்தரை முதல் ஏழு வரை தெப்பக்குளத்தின் மூன்று கரைகளிலாவது வண்டிகளை விடாமல் தடுத்தால் எத்தனை பேர் நடப்பார்கள்! வார்டு உறுப்பினரிடம் மனு கொடுக்கலாம் என்று அக்கா சொன்னார். நான் எழுதித் தருகிறேன் என்றேன்.

இரத்தப் பரிசோதனை இம்மாதக் கடைசியில். சிவப்பணு ஒன்று சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும், அதில் ஒட்டிய சர்க்கரையைத்தான் அளக்கிறார்கள் என்பதால் அதற்கு முன்னால் பார்த்துப் பயனில்லை. எண் இறங்கலாம், அப்படியே நிற்கலாம். எப்படியும் பங்குனி வெயிலுக்கு முன்னால் புறப்படும் நேரத்தை ஐந்தேகாலுக்கு மாற்ற வேண்டும். பால் கடை ஐந்து மணிக்குத் திறந்திருக்குமா என்று இன்று கேட்டேன். திறந்திருக்குமாம்.