கடுப்பே இல்லாமல் வந்த சிறுநீர்த்தொற்று

மசக்கை ஓய்ந்து நன்றாகச் சாப்பிட ஆரம்பித்திருந்த நேரம். வழக்கமான யூரின் டெஸ்ட்டோடு, சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று லேபில் வளர்த்துப் பார்க்கும் யூரின் கல்ச்சரும் எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார் டாக்டர். எனக்கு எரிச்சலோ கடுப்போ காய்ச்சலோ எதுவும் கிடையாது. இது எதற்கு என்றுதான் வீட்டில் எல்லோரும் கேட்டார்கள்.

முதல் ரிப்போர்ட்டில் பல கிருமிகள் கலந்திருப்பதாகவும் மறுபடி மாதிரி தர வேண்டும் என்றும் வந்தது. லேபில் டப்பாவைக் கையில் கொடுத்ததோடு சரி, எப்படிப் பிடிப்பது என்று யாரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி நர்ஸ் அக்காதான் விளக்கினார். “முன்னாலேர்ந்து பின்னால கழுவிக்கோம்மா. முதல்ல வர்றதை விட்டுடு, நடுவுல வர்றதை மட்டும் பிடி. டப்பாவோட உள்பக்கமும் மூடியோட உள்பக்கமும் கை படக்கூடாது. பிடிச்ச உடனே கொண்டுபோய்க் கொடுத்துடு.” வெளித்தோலில் இருக்கும் கிருமிகள் கலந்துவிட்டால் ரிப்போர்ட்டை நம்ப முடியாதாம்.

இரண்டாவது ரிப்போர்ட்டில் தெளிவாக இருந்தது: ஈ.கோலை என்ற குடல் கிருமி, ஒரு மில்லி சிறுநீரில் 1,00,000-க்கு மேல். கர்ப்ப காலத்தில் ஹார்மோனால் சிறுநீர்க்குழாய் தளர்ந்துவிடும், வளரும் கர்ப்பப்பையும் அதை அழுத்தும், அதனால் சிறுநீர் தேங்கிக் கிருமி மேலே ஏறும் என்று டாக்டர் படம் போட்டே காட்டினார். மருந்து எடுக்காமல் விட்டால் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு அது கிட்னி வரை போய்விடுகிறது. அப்படிப் போனால் குளிர் காய்ச்சல், விலாவில் வலி, கூடவே 37 வாரம் முடியும் முன்பே பிரசவ வலி வரும் ஆபத்து.

“வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு ஆன்டிபயாட்டிக்கா? பார்லி தண்ணி குடிச்சாப் போதாதா?” என்று அத்தை பயந்தார். பயம் நியாயம்தான். ஆனால் எந்த மருந்துக்கு அந்தக் கிருமி கட்டுப்படும் என்பதும் அதே கல்ச்சர் ரிப்போர்ட்டில் இருந்தது. அதிலிருந்து கர்ப்பிணிகளுக்கு ஏற்ற செஃபாலெக்சினை டாக்டர் தேர்ந்தெடுத்தார், 7 நாளைக்கு. பார்லித் தண்ணீரும் குடித்தேன், ஆனால் கிருமியைக் கொன்றது மாத்திரைதான். மாத்திரை முடிந்து ஒரு வாரம் கழித்து மறுபடி கல்ச்சர் எடுக்க வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், திரும்ப வருவது சகஜம் என்பதால் விடவே கூடாது. எனக்குச் சுத்தமாக வந்தது.

ஏழாம் மாதம் வெள்ளைப்படுதலில் மீன் வாடை வந்தது. கூச்சப்படாமல் சொன்னேன். பாக்டீரியல் வஜினோசிஸ், அதாவது பிறப்புறுப்பில் இயல்பாக இருக்கும் கிருமிகளின் சமநிலை மாறிவிடுவது என்றார்கள். இதற்கும் குறைப்பிரசவத்துக்கும் தொடர்பு உண்டு. ஆனால் தொந்தரவே இல்லாத எல்லோருக்கும் தேடிப்பிடித்து மருந்து கொடுத்துப் பார்த்ததில் பெரிய பலன் தெரியவில்லையாம். எனக்குத் தொந்தரவு இருந்ததால் மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள்.

மாசம் நிறைந்து, 38 வாரம் தாண்டித்தான் மகள் பிறந்தாள்.

இப்போது நாத்தனாருக்கு மூன்றாம் மாதம். அவள் செக்கப் அட்டையை வாங்கிப் பார்த்தேன், கல்ச்சர் எழுதவில்லை. அடுத்த தடவை போகும்போது கேட்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன்.