ஸ்காபரோ மண்ணுக்குள் பனியுகம்

ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் வீட்டுக்குப் பின்னால் கத்தரியும் தக்காளியும் வைக்க நினைக்கிறவர்களுக்கு முதலில் அகப்படுவது கல்லுத்தான். மண்வெட்டி இறங்காது, அலவாங்கு வேண்டும். ஒட்டுகிற களிமண், அதற்குள் இளஞ்சிவப்பும் கறுப்புமாக வரியோடிய உருண்டைக் கற்கள். யாழ்ப்பாணத்தில் செம்மண்ணைக் கிண்டினால் சுண்ணாம்புக்கல் வரும். அது அந்த இடத்துக் கல். இங்கே ரொறன்ரோவின் அடிப்பாறை சாம்பல்நிறக் களிப்பாறை. என் தோட்டத்தில் கிளம்பியவையோ 100 கிலோமீற்றருக்கும் அப்பால், வடக்கே கனேடியக் கேடயம் என்கிற மிகப் பழைய கடும்பாறைப் பகுதியைச் சேர்ந்த கற்கள். அவையும் புலம்பெயர்ந்தவை என்று தெரிந்த நாளிலிருந்து இந்த ஊரை நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் லோரன்ரைட் பனிப்பாளம் கனடாவின் பெரும்பகுதியை மூடிக் கிடந்தது. ரொறன்ரோவின் மேல் அதன் தடிப்பு ஒரு கிலோமீற்றருக்கும் அதிகம். அவ்வளவு பாரமும் தன் எடையாலேயே மெல்ல நகர்ந்து, அடியிலிருந்த பாறையைப் பெயர்த்தது, உரசியது, மாவாக அரைத்தது. உருகியபோது கல்லும் மாவும் தரம் பிரியாமல் அப்படியே கீழே தங்கிவிட்டன. எங்கள் களிமண் அந்த மாவுதான்.

இதை அம்மாவுக்குச் சொன்னபோது அவர் கேட்டார்: "அப்ப, இவ்வளவு பனிக்கும் தண்ணி எங்கயிருந்து வந்தது?"

கடலிலிருந்துதான். ஆவியாகிப் போன கடல்நீர் பனியாக விழுந்து, திரும்பி வராமல் நிலத்தின் மேலேயே உறைந்து நின்றது. அதனால் உலகெங்கும் கடல் மட்டம் ஏறத்தாழ 120 மீற்றர் கீழே போனது. ஆழமில்லாத எங்கள் பாக்கு நீரிணை அப்போது வெறும் தரை. யாழ்ப்பாணத்திலிருந்து இராமேஸ்வரத்துக்கு நடந்தே போயிருக்கலாம். அம்மா நெடுநேரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

பனி பின்வாங்கத் தொடங்கியும், ஏரிநீர் கடலுக்கு வடிகிற சென் லோரன்ஸ் ஆற்றின் வழியை அது அடைத்துக்கொண்டே நின்றது. தேங்கிய நீர் இன்றைய ஒன்ராறியோ ஏரியைவிட மிக உயரமான ஓர் ஏரியானது. அதற்கு இரோக்குவா ஏரி என்று பெயர். நகரத்துக்குள் டேவன்போர்ட் வீதியில் போனால் வடக்குப் பக்கம் திடீரென்று ஒரு மேடு எழும்பும். காசா லோமா மாளிகை அதன் மேல்தான் நிற்கிறது. அந்த மேடு இரோக்குவாவின் பழைய கரை. பஸ்ஸில் போகிற எத்தனை பேர் தாங்கள் ஓர் ஏரிக்கரையில் போவதை அறிவார்கள்?

ஸ்காபரோ பிளவ்ஸ் இன்னும் பழைய கதை. சுமார் 15 கிலோமீற்றர் நீளத்துக்கு ஏரியோரம் எழுந்து நிற்கும் அந்த மண்சுவரின் அடியில் இருப்பது, கடைசிப் பனியுகத்தின் தொடக்கத்தில் ஓர் ஆறு ஏரியில் கொண்டுவந்து கொட்டிய மணலும் களியும். அதற்கு மேலே பனி விட்டுப்போன படிவுகள். அலை இன்றும் அதை அரித்துக்கொண்டிருக்கிறது. அரித்த மணலை நீரோட்டம் மேற்கே இழுத்துப்போய்த்தான் ரொறன்ரோ தீவுகளே உருவாயின. விளிம்புக்குப் போகாதீர்கள் என்ற அறிவிப்பைப் பிள்ளைகளோடு போகிறவர்கள் தயவுசெய்து மதியுங்கள்.

ஆனால் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது வடக்கே, சுமார் 160 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கும் ஓக் ரிட்ஜஸ் மொறெய்ன். பனிப்பாளத்தின் நாக்குப்போல நீண்ட இரண்டு மடல்களுக்கு நடுவே உருகுநீர் குவித்த மணல், சரளை மேடு அது. மழையும் உருகும் பனியும் அதற்குள் இறங்கி, வடிந்து, ஊற்றாகக் கசிந்து ரூஜ், டொன், ஹம்பர் ஆறுகளுக்குத் தலைநீராகின்றன. ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லாத யாழ்ப்பாணத்தில், சுண்ணாம்புக்கல் பிடித்துவைத்த மழைநீரைக் கிணற்றில் அள்ளிக் குடித்து வளர்ந்த எங்களுக்கு இதன் பெறுமதியை எவரும் விளக்கத் தேவையில்லை. அந்த மேட்டைக் காக்க 2001இல் ஒன்ராறியோ மாகாணம் சட்டமே கொண்டுவந்தது. புது வீடு தேடி ஸ்ரூவ்வில் பக்கம் போகும் எங்கள் ஆட்கள், வீட்டின் சதுர அடியை விசாரிக்கும்போது அது மொறெய்ன் மேல் எங்கே நிற்கிறது என்றும் விசாரிக்கவேண்டும். அந்தச் சட்டத்தைத் தளர்த்தும் பேச்சு எழுந்தால், நகரசபைக் கூட்டத்தில் முதலில் எழும்பிக் கதைக்கவேண்டியவர்களும் நாங்கள்தான்.