ஐம்பதாவது ராடு

இன்று விடியும் நேரத்தில் போர்வெல் குழிக்குள் ஐம்பதாவது ராடும், அதாவது துளை போடும் இரும்புத் தண்டும், இறங்கியது. ராடு ஒன்றுக்கு 20 அடி, ஆக 1,000 அடி.

பல்லடம் பக்கம் சித்தப்பா தோட்டம். ராத்திரி முழுக்க போர் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஓடியது. குழி வாயில் குவிந்த கல்மாவைச் சித்தப்பா ஒரு பிடி அள்ளித் தேய்த்துப் பார்த்தார். சொட்டு ஈரம் இல்லை. விரல்தான் வெள்ளையானது.

எங்கள் மண்ணுக்கு அடியில் பாறை. வெடிப்புகளில்தான் தண்ணீர் நிற்கும். ஆழம் போகப் போக வெடிப்பும் குறையும். அப்படியே கிடைத்தாலும், நாம் இறைக்கிற வேகத்துக்கு மழை அதை நிரப்பாது.

தாத்தா வெட்டிய கிணறு அறுபது அடிதான். அதற்குள் இப்போது வேலிக்கருவை முளைத்திருக்கிறது.

"இன்னும் அஞ்சு ராடு போடச் சொல்லட்டுமா சாமி?"

"வேண்டாம் சித்தப்பா. கிணத்தத் தூர் வாரலாம்."